பேரரசி பெலகியாவின் கடைசி அத்தியாயம்

கிழக்கு ரோமப் பேரரசு 1453ஆம் ஆண்டில் வீழ்ந்தது என்று பாடநூல்கள் எல்லாம் எழுதிவைத்திருக்கின்றன. பாடநூல்கள் அவசரப்பட்டுவிட்டன. ஆயிரம் ஆண்டு மகிமையும் பொன்வேய்ந்த கூரைகளும் கொண்ட அந்தப் பேரரசு வீழவில்லை, இடம்தான் மாறியது. கடலையும் காலத்தையும் கடந்து வந்த அதன் அரியணை, சிட்னிக்கு மேற்கே, பென்டில் ஹில் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு செங்கல் வீட்டின் கராஜில், மீன் வைக்கும் பெரிய ஃபிரீசருக்கும் புல்லு வெட்டும் மெசினுக்கும் நடுவே வந்து சேர்ந்தது. அன்று மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டி எடுக்கும் நாள். பேரரசி பெலகியா கராஜ் கதவைத் திறந்துகொண்டு இந்தக் கண்டத்தின் வெளிச்சத்துக்கு வந்ததும் முதலில் இடறி விழுந்தது அந்தத் தொட்டியில்தான்.

மிருணாளினி எழுதிக்கொண்டிருந்த நாவலிலிருந்துதான் அவர் வெளியே வந்தார் என்பதில் அந்த வட்டாரத்தில் இரண்டு கருத்து கிடையாது. மிருணாளினி ஒரு வைத்தியசாலையின் சம்பளப் பிரிவில் வேலை செய்பவர். வரலாற்று நாவல் எழுதும் எண்ணம் அவருக்கு வந்ததற்குக் காரணம் கணவர் சச்சிதானந்தனின் வயிறு. ஒரு விடுமுறைக்கு இருவரும் இஸ்தான்புல் போயிருந்தபோது, தெருவோரம் விற்ற சிப்பியைச் சாப்பிட்டுவிட்டு அவர் ஹோட்டல் அறையிலேயே கிடந்தார். மிருணாளினி தனியாக ஒரு பழைய தேவாலயத்தின் மாடிக்கு ஏறினார். அங்கே சுவரில் பொன்னிறக் கற்களால் பதித்த அரசனும் அரசியும் நின்றார்கள். அரசி மூன்று தரம் மணம் முடித்தவர் என்றும், ஒவ்வொரு தரமும் அரசனின் தலையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுத் தலை பதித்தார்கள் என்றும் வழிகாட்டி சொன்னார். கூட்டத்தில் அதற்குச் சிரித்தவர் மிருணாளினி ஒருவர்தான். அந்தப் படத்தின் முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். பல வருடங்களுக்குப் பிறகு, யாரும் அவரைப் பல்லு டொக்டரின்ர மனுசி என்று கூப்பிடாத ஒரு மத்தியானம் அது.

சச்சிதானந்தன் பல் வைத்தியர். மேற்கு சிட்னியில் பாதித் தமிழர்களின் வாய்க்குள் அவர் எட்டிப் பார்த்திருக்கிறார், ஆகவே மிருணாளினிக்கு வேறொரு பெயர் தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சில வருடங்களுக்கு முன் அவருடைய கவிதைத் தொகுப்பை மேற்கு சிட்னித் தமிழ் மகளிர் பேரவை வெளியிட்டது. மேடையில் அவரை டொக்டர் சச்சிதானந்தன் அவர்களின் துணைவியார் என்று அழைத்தார்கள். பொன்னாடையையும் டொக்டருக்கே போர்த்தினார்கள். அவர் அதைப் போர்த்தியபடியே கவிதையும் பல்லும் என்ற பொருளில் கொஞ்சம் பேசினார். கைதட்டல் நன்றாக இருந்தது. ஏற்புரைக்கு நேரம் போதவில்லை. அன்றைக்கு வீடு திரும்பும்போது காரில் மிருணாளினி, அடுத்த தரம் அதே மேடையில், அதே ஒலிவாங்கியில், தன் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட வைக்கவேண்டும், அதற்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று தீர்மானித்தார். கவிதைக்கு அந்த மதிப்பு இல்லையென்றால், அறுநூறு பக்க வரலாற்று நாவலுக்கு இருந்தே தீரும்.

நாவலின் நாயகி பெலகியா, மிருணாளினி தானே கற்பனை செய்துகொண்ட அரசி. தெசலோனிக்காவில் மீன்சாறு காய்ச்சி விற்றவரின் மகள். இளவரசனுக்குப் பெண் பார்க்க நாடெங்கும் அழகிகளை வரவழைத்த காலத்தில், வரிசையில் கடைசியில் நின்று, முன்னால் நின்றவளின் பாவாடையை மிதித்து முதலாவதாக வந்தவர். கணவன் இறந்ததும் மகனின் பெயரால் ஆண்டார். பிறகு அந்தப் பெயரையும் விட்டுவிட்டு, அரசி என்று எழுதாமல் அரசன் என்றே கையெழுத்து வைத்தார். மைத்துனனின் கண்ணைத் தோண்டினார், மாமியாரை மொட்டையடித்துத் தீவிலிருந்த மடத்துக்கு அனுப்பினார். கடைசி அத்தியாயத்துக்குத் தீவு என்று தலைப்பு. அதில் அவரையும் மொட்டையடித்து அதே மடத்துக்கு அனுப்பவேண்டும். ஆசைப்பட்ட பெண்களுக்கு அந்தக் காலத்தில் வேறு முடிவு வைத்திருக்கவில்லை. மிருணாளினியும் புதிதாக ஒன்றை யோசிக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் அவருக்கு வீட்டிலிருந்து வேலை. கராஜில் மேசை போட்டு, ஒரு கணினியில் தாதிமாரின் சம்பளமும் மறு கணினியில் பேரரசின் சதிகளுமாக இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பார். அப்படி ஒரு வியாழக்கிழமை, கடைசி அத்தியாயத்தைத் தொடங்கி, நாவிதன் கத்தியைத் தீட்டினான் என்று எழுதி ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். உடனே ஃபிரீசருக்குப் பக்கத்திலிருந்து குங்கிலியமும் கருவாடும் கலந்த ஒரு மணம் எழுந்தது. ஊதாப் பட்டும் முத்துத் தொங்கல்களுமாக ஒரு பெண் எழுந்து நின்றார்.

“பெண்ணே, யாம் மடம் புகோம்” என்றார்.

நாவலில் எப்படிப் பேசவைத்திருந்தாரோ அப்படியே அவர் பேசினார். மிருணாளினிக்கு முதலில் பட்டது பயம் அல்ல, இந்த வசனத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்பதுதான். அதற்குள் பேரரசி குப்பைத்தொட்டி வரைக்கும் போய்விட்டார்.

மாலையில் வேலையால் வந்த சச்சிதானந்தன் வரவேற்பறையில் பேரரசியைக் கண்டார்.

“ஆர் இவ?”

“என்ர நாவலில வாறவ.”

“எந்த விசாவில வந்தவ?”

மிருணாளினிக்குத் தெரியவில்லை. சச்சிதானந்தன் யோசித்தார். எவ்வளவு நாள் நிற்பார் என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. பிறகு பெலகியா கொட்டாவி விட்டதை உற்றுப் பார்த்து, ஒரு சொத்தைப் பல்லுக்கூட இல்லை என்று மெச்சிவிட்டுக் குளிக்கப் போனார். வாசலில் விழுந்து கிடந்த குப்பைத்தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குள் சத்தமில்லாமல் வந்து, ஒரு கேள்விக்கும் பதில் கிடைக்காமலே திருப்திப்பட்டுப் போன அந்த மனிதரைப் பேரரசி கவனித்துக்கொண்டிருந்தார். இவர் அந்தப்புரத்துக்கென்றே சிறுவயதில் ஆயத்தப்படுத்தப்பட்ட காவலரா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். இல்லை என்று சொல்வதற்கு மிருணாளினி தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

பெலகியா அந்த வீட்டில் குடியேறியது அப்படித்தான். சச்சிதானந்தனின் மின்சாரச் சாய்கதிரை, பொத்தானை அமுக்கியதும் முனகிக்கொண்டு மேலே எழுவதைப் பார்த்து, அரண்மனையிலும் அரியணை இப்படித்தான் உயரும் என்று சொல்லி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். பின்வளவில் கத்தும் வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகளையும் அரண்மனையின் இயந்திரப் பறவைகளைப் போல யாரோ சாவி கொடுத்து விட்டிருக்கிறார்கள் என்று நம்பினார். அவர் கைபட்டுத் தோய்த்த வெள்ளைத் துணியெல்லாம் ஊதாவாக வந்தது. சச்சிதானந்தனின் வேலைச் சட்டைகள் ஊதாவாகின, நோயாளிகள் அது ஏதோ புதுச் சுகாதார விதி என்று எடுத்துக்கொண்டார்கள். இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டார். ஒரு மாதத்துக்குள் செந்தமிழ் உதிர்ந்து தமிழ்க் கடைகளில் கேட்ட பேச்சு அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. யாம் என்பது நான் ஆயிற்று. மிருணாளினியைப் பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கினார். சட்டம் படித்துக்கொண்டிருந்த மகள் வினுஷா மட்டும் ஆரம்பத்திலேயே ஆட்சேபித்தாள். வினுஷா தமிழ்ப் பாடசாலையில் பேச்சுப் போட்டிகளில் வென்ற கேடயங்கள் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரி நிறைய நின்றன. அந்தக் கேடயங்களுக்குக் கீழே நின்றுகொண்டுதான் அவள், “அம்மா, ஷீ இஸ் லிட்ரலி எ டிக்டேட்டர்” என்றாள். எண்டாலும் பாவம், போக இடமில்லைத்தானே என்று மிருணாளினி பதில் சொன்னார்.

மகளிர் பேரவையின் தலைவி யோகராணி பெலகியாவை முதன்முதலில் சந்தித்தது ஒரு பூப்புனித நீராட்டு விழா மண்டபத்தில். யோகராணி எவ்வளவு காலமாகத் தலைவி என்பது யாருக்கும் நினைவில்லை. பேரவை தொடங்குவதற்கு முன்பே அவர் தலைவியாக இருந்தார் என்று ஒரு கருத்து உண்டு. வட்டாரத்தில் எந்தக் குத்துவிளக்கின் எந்தத் திரியை யார் ஏற்றுவது என்பது அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

“எந்த ஊர் நீங்கள்?”

“கொன்ஸ்தாந்திநோபிள்.”

“அது கரையோரமோ, உள்ளுக்கோ?”

“மூண்டு பக்கமும் கடல்.”

“ஓ. அங்க எங்கட ஆக்கள் இருக்கினமோ?”

இல்லை என்று தெரிந்ததும் யோகராணியின் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. பெலகியா அன்ரி எப்படியும் தனிமையாகத்தான் இருப்பார் என்று சொல்லி, அவரைப் பேரவையின் வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். தலைவியாக அவர் செய்த ஒரே பிழை அதுதான்.

அன்று மண்டபத்தில் எடுத்த படங்கள் மறுநாள் குழுவுக்கு வந்தன. பெலகியா நின்ற படங்கள் எல்லாம் கைபேசியில் பொன்னிறப் பின்னணியோடு, சின்னச் சின்னக் கற்களால் பதித்தவைபோல் விழுந்திருந்தன. அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கண் பெரிதாகி, தோல் மினுங்கி, தலைக்குப் பின்னால் ஒரு வட்டம் லேசாகத் தெரிந்தது. எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. அந்த வாரத்திலிருந்து பேரவைப் பெண்கள் அவருடன் படம் எடுப்பதற்காகவே விழாக்களுக்கு வரத் தொடங்கினார்கள். படத்தில் இன்னொரு விசேஷமும் இருந்தது. அதில் எல்லோரும் ஒரே அளவில் விழவில்லை. பழைய அரண்மனைச் சுவர்களில் போல, பெரியவர்கள் பெரிதாகவும் மற்றவர்கள் அவரவர் தரத்துக்கு ஏற்பவும் விழுந்தார்கள். யோகராணி அக்கா ஒரு படத்தில் முழங்கால் உயரத்துக்கு இருந்தார். அடுத்ததில் ஒரு குத்துவிளக்கு அளவு. மூன்றாவதில் அவரைக் கண்டுபிடிப்பதற்கு விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது, அப்போதும் அவர் கையில் சால்வையோடு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெலகியா அரண்மனைச் சதிகளை இங்கே கொண்டுவந்து கற்பித்தார் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மை அப்படி அல்ல, அவர்தான் இங்கே கற்றுக்கொண்டார். பேரவைக்கு ஏழு உபதலைவிகள் என்று கேள்விப்பட்டபோது, தன் ஆட்சியில்கூட அவ்வளவு பட்டம் கொடுக்கத் துணியவில்லை என்று வியந்தார். அங்கே ஒரு சதிக்குக் காவலரை வசப்படுத்தி, சமையல்காரனைப் பிடித்து, நஞ்சு தேடி, மாதக் கணக்கில் அலையவேண்டும். இங்கே குழுவில் ஒரு செய்தியைப் போட்டு, இரண்டு பேர் பார்த்ததும் அழித்துவிட்டால் போதும். மீதி வேலையை, அதைப் பார்க்காதவர்கள் செய்துவிடுவார்கள். “அழிச்ச மெசேஜ் இருக்கே பிள்ளை, அது எங்களிட்ட இருந்திருந்தா நான் ஒருத்தற்ற கண்ணையும் தோண்டியிருக்கத் தேவையில்லை” என்று மிருணாளினியிடம் ஒருநாள் மனம்விட்டுச் சொன்னார். கண் தோண்டுவது இந்த நாட்டில் குற்றம் என்று வினுஷா சட்டப் பிரிவோடு எடுத்துச் சொன்ன பிறகு, அவர் கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு எதிராகப் பேசியவர்களின் மூக்குக் கண்ணாடிகள் காணாமல் போயின. அரிசி வாளியிலும் சாமி அறையிலும் சிலசமயம் அடுத்த வீட்டு நாயின் கழுத்திலும் அவை கிடைத்தன. பென்டில் ஹில்லில் கண்ணாடி விற்பவர் இன்னோர் ஆளை வேலைக்கு எடுத்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் நாவலின் கடைசி அத்தியாயம் எழுதப்படாமல் கிடந்தது. வெளியீட்டுக்கு மண்டபம் பதிவாகிவிட்டது, அட்டைப்படமும் வந்துவிட்டது. முதற்பக்கத்தில் “தமிழை மறவாத என் மகள் வினுஷாவுக்கு” என்று சமர்ப்பணம்கூட எழுதியாயிற்று. ஒரு பின்னேரம் யோகராணி ஒரு தட்டு நிறைய மட்டன் றோல்ஸோடு வந்தார். அப்போது பெலகியா வீட்டில் இல்லை. கார் ஓட்டப் பழக சச்சிதானந்தனோடு போயிருந்தார். அரண்மனையில் பல்லக்கிலேயே கொண்டு திரிந்ததால், தானாகத் திரும்பி எங்காவது போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

“மிருணா, நான் சுத்தி வளைக்கேல்ல. கதையை முடியும்.”

“முடிக்கத்தான் பாக்கிறன் யோகராணியக்கா.”

“முடியும் எண்டா அவவையும் சேர்த்துத்தான் சொல்லுறன். மொட்டை அடிச்சு அந்தத் தீவுக்கு அனுப்பும். இந்தக் கிழமையே அனுப்பும்.” றோல்ஸ் தட்டை மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினார். “அனுப்பினீர் எண்டா வெளியீட்டை நானே முன்னுக்கு நிண்டு செய்வன். ஏற்புரைக்கு இருபது நிமிசம். கூப்பிடேக்க உம்மட பேரைத்தான் சொல்லிக் கூப்பிடுவன். டொக்டரும் இல்லை, துணைவியாரும் இல்லை. மிருணாளினி. வெறும் மிருணாளினி.”

“அனுப்பாட்டி?”

“அனுப்பாட்டி, நிகழ்ச்சி நிரல் என்ர கையிலதானே இருக்கு.”

அந்தப் பெயரை யோகராணியின் வாயால் கேட்டதும் மிருணாளினிக்கு மேல் சிலிர்த்தது உண்மை. அவர் போன பிறகு, வெறும் மிருணாளினி, வெறும் மிருணாளினி என்று குசினியில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருடம் புகையிரதத்திலும் மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் எழுதியது இதற்காகத்தான். ஒரு கற்பனைப் பாத்திரத்துக்காக அதை விட்டுக்கொடுப்பதா? பெலகியாவை அவர் தேடிப்போய் அழைக்கவில்லை, தானாக வந்தவர் தானாகப் போகலாம். மடம் என்றால் சிறை அல்லவே. அமைதியான இடம், கடற்காற்று. இப்படியெல்லாம் நியாயம் தேடிக்கொண்டு வியாழக்கிழமை காலை கராஜில் போய் உட்கார்ந்தார்.

நாவிதன் நெருங்கினான் என்று எழுதினார். குசினியில் மீன் குழம்புக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பெலகியாவின் தலையிலிருந்து ஒரு கற்றை முடி பலகையில் விழுந்தது. முதற் கற்றை தரையில் வீழ்ந்தது என்று மிருணாளினி எழுதினார். இரண்டாவது கற்றை கழுவுதொட்டியில் விழுந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கற்றையாக, அரண்மனையே மெச்சிய அந்தக் கூந்தல் உதிர்ந்தது. காலைச் சாப்பாட்டுக்கு வந்த வினுஷா அதைக் கண்டுவிட்டுக் கராஜுக்கு ஓடினாள்.

“அம்மா, ஸ்டொப் டைப்பிங். ஸ்டொப்!”

மிருணாளினி குசினிக்கு வந்தார். பெலகியா உதிர்ந்த முடியை வெங்காயத் தோலோடு ஒதுக்கிவைத்துவிட்டு வெட்டிக்கொண்டுதான் இருந்தார். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று சொல்லலாம்.

“ஏன் எழும்பி வந்தனீர்? எழுதும் பிள்ளை. உமக்கு வெளியீடு கிடக்கு.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாமல் என்ன? யோகராணி றோல்ஸ் கொண்டுவந்தா எண்டா ஆரோ போகப்போகினம் எண்டுதானே அர்த்தம். நானும் மாமியாரைத் தேன்பணியாரம் குடுத்துத்தான் அனுப்பினனான்.”

“கோவம் இல்லையோ?”

பெலகியா கத்தியைக் கீழே வைத்தார். “மாமியாரைப் படகில ஏத்தேக்க அவ திரும்பி நிண்டு பெலகியா எண்டு ஒருக்காக் கூப்பிட்டவ. பேரரசி எண்டு சொல்லேல்ல, மருமகள் எண்டும் சொல்லேல்ல, வெறும் பேர். நான் கேக்காத மாதிரி நிண்டனான். பட்டம் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்புவன் எண்ட திமிர். அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நீர் எழுதத் தொடங்கும்வரைக்கும்.” பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, “தேங்காய்ப்பால் எங்க வைச்சிருக்கிறீர்?” என்று கேட்டார்.

மிருணாளினி தேங்காய்ப்பாலை எடுத்துக் கொடுத்தார். கராஜுக்குப் போய், நாவிதன் வந்த இடத்திலிருந்து எழுதிய எல்லாவற்றையும் அழித்தார். பெலகியாவின் முடி வளர்ந்து வந்தது, ஆனால் தோள் வரைக்கும்தான். கணினி அதற்கு மேல் பின்னால் போகவில்லை. அந்த மாதமே பேரவையில் பாதிப் பேர் தோள்வரை முடி வெட்டிக்கொண்டார்கள். நாவல் அச்சுக்குப் போகவேண்டிய தினம் வந்தது. வேறு முடிவு ஒன்று மிருணாளினிக்கு வரவில்லை. தீவு என்ற தலைப்பும், அதற்குக் கீழே பக்க எண்கள் மட்டும் போட்ட பதினான்கு வெற்றுப் பக்கங்களுமாக அதை அப்படியே அனுப்பிவிட்டார். அச்சகத்தில் அனுப்பியதை அச்சடித்தார்கள். அதற்குமேல் அவர்கள் வேலை இல்லை.

வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்தது. ஆறு மணிக்கு அதே மண்டபத்தில் சும்பா நடன வகுப்பு என்பதால் நேரம் தவறாமல் முடிக்கவேண்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தார்கள். ஏழு உபதலைவிகளுக்கு ஐந்து திரி போதாமல் இரண்டாவது குத்துவிளக்கு ஒன்று இரவலாக வந்தது. வரவேற்புரையில் வரவேற்கப்பட்டவர்களை அடுத்து வந்தவரும் வரவேற்றார். ஆசியுரை, வாழ்த்துரை, வாழ்த்துரை வழங்க வராதவரின் வாழ்த்துரை எல்லாம் முடிந்து ஆய்வுரைக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் சிறிதரன் எழுந்தார். முழு நாவலும் ஒருபக்கம், தீவு என்ற அந்த ஒரு அத்தியாயம் மறுபக்கம் என்றார். அதை வாசித்துவிட்டுத் தனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றார். அடுத்துப் பேசியவர், கடற்கரையில் நின்று பெலகியா கதறும் இடத்தில் தானும் அழுததாகச் சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார். மூன்றாவதாக வந்தவர் குறையும் சொல்லவேண்டும் என்ற கடமையுணர்வு உள்ளவர். நடை சிறப்பு, ஆனால் கடைசி அத்தியாயத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்றார். பெலகியா மேடையின் நடுக்கதிரையில் இருந்து, தன்னுடைய துயர முடிவை மூன்று விதமாகக் கேட்டு மூன்றுக்கும் தலையசைத்தார். மிருணாளினி தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. இறுக்கமான காற்சட்டை போட்ட சும்பாப் பெண்கள் வாசலில் தண்ணீர்ப் போத்தல்களோடு கூடிவிட்டார்கள். யோகராணி ஒலிவாங்கியின் முன் வந்து, நிகழ்ச்சி நிரலைப் பிடித்து, வாசிப்பதற்காகக் கண்ணாடியைத் தொட்டார். மூக்கில் கண்ணாடி இல்லை. ஒரு நொடிக்கு முன்னால் இருந்தது. தாளைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார்.

“அடுத்ததாக... ஏற்புரை. ஏற்புரை வழங்குவதற்காக, டொக்டர்... இதென்ன எழுதிக் கிடக்கு... திருமதி...”

மண்டபம் காத்திருந்தது. முன்வரிசையில் சச்சிதானந்தன் எழும்பத் தயாராகிச் சட்டையை இழுத்துவிட்டார். எழுதியதை வாசிக்க முடியாத நிலையில் யோகராணிக்கு மனதில் வந்தது, அன்றைக்கு றோல்ஸ் தட்டுக்கு மேலால் தானே இரண்டு தரம் சொன்ன அந்தப் பெயர் மட்டும்தான். எரிச்சலில், அடுத்த வீட்டுப் பெண்ணை மதிலுக்கு மேலால் கூப்பிடுவதுபோல் அது ஒலிவாங்கியில் விழுந்தது.

“மிருணாளினி! வாரும் இங்க.”

மிருணாளினி எழுந்தார். அவர் ஒலிவாங்கியை அடைவதற்குள் சும்பா ஆசிரியை தன்னுடைய பாட்டுப் பெட்டியைச் செருகிவிட்டார். இருபது நிமிடத்துக்கு எழுதி மனப்பாடம் செய்திருந்த ஏற்புரையில் அவரால் சொல்ல முடிந்தது இரண்டு வாக்கியம். “நன்றி. நான்தான் மிருணாளினி.” பேரரசி எழுந்து பொன்னாடையைச் சச்சிதானந்தனைத் தாண்டிக் கொண்டுபோய் அவருக்குப் போர்த்தினார். தோளில் பட்டதும் அது ஊதாவாக மாறியது. சும்பாப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

அன்றைய குழுப்படத்தில் பெலகியாவும் மிருணாளினியும் ஒரே உயரத்தில் நின்றார்கள். பேராசிரியர் ஒரு பெருவிரல் அளவு. சச்சிதானந்தன் ஓரளவு பெரிதாகவே விழுந்திருந்தார், கழுத்துக்கு மேலே மட்டும் கற்களைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பதித்த அடையாளம் தெரிந்தது. அவருக்குத் தன் தலை முன்பைவிட நன்றாக இருப்பதாகப் பட்டது. படத்தைப் பெரிதாக்கித் தன் பல் வைத்தியசாலையில் மாட்டினார். வருகிறவர்கள் அவரை இப்போது எழுத்தாளர் மிருணாளினியின் கணவர் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். வாய் திறந்தபடி அதைத் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை என்பதுதான் அவருக்கு ஓர் ஆறுதல்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் பெலகியா பேரவையின் தலைவியானார். யோகராணியை மொட்டையடிக்கவோ தீவுக்கு அனுப்பவோ இல்லை. பேரவையின் யாப்பில் அதைவிட நாகரிகமான மடம் ஒன்று ஏற்கனவே இருந்தது. அவரைப் போஷகர் ஆக்கினார்கள். போஷகருக்கு முன்வரிசையில் கதிரை உண்டு, பேச நேரம் இல்லை. கண்ணாடி திரும்பக் கிடைத்தது. சில மாதம் அவர் முகம் கொடுக்கவில்லை. பிறகு பேரரசிக்கு வாகனம் ஓட்டப் பழக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, “சச்சிக்கு உதெல்லாம் பொறுமை காணாது, நான் கூட்டிக்கொண்டு போறன்” என்று தானாகவே வந்தார். இப்போது சனிக்கிழமைகளில் இருவரையும் தெருவில் காணலாம். மஞ்சள் எல் பலகை கட்டிய காரில் ஒருவர் வலப்பக்கம் திருப்பு என்பார், மற்றவர் கிழக்கு ரோமில் யாரும் தனக்குத் திரும்பச் சொன்னதில்லை என்பார். பின்பக்கமாக நிறுத்தும் சோதனையில் பேரரசி ஒவ்வொரு தரமும் தோற்கிறார். பின்வாங்கிப் பழக்கம் இல்லை என்று காரணம் சொல்கிறார். விசா விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. தெருவில் எல்லோரையும் போலத்தான் அவரும் இருக்கிறார், வெள்ளைத் துணி தோய்க்க மட்டும் விடுவதில்லை.

நாவல் இரண்டாம் பதிப்புக் கண்டுவிட்டது. மெல்பேர்னில், கிரான்பர்ன் பக்கத்துத் தமிழர்கள் ஓர் ஆய்வுக் கூட்டம் வைத்தார்கள். அதில் தீவு அத்தியாயத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேர் கட்டுரை வாசித்து, கதறும் பெலகியா குறியீடா இல்லையா என்று சண்டையும் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பதினான்கு பக்கங்களும் வெறுமையாக இருப்பதைக் கண்டுபிடித்துக் கேட்ட ஒரே ஆள் வினுஷா. தனக்குச் சமர்ப்பணமான புத்தகத்தை ஒருநாள் முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு தாளாகப் புரட்டியவள் அவள்தான். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.